கையில் பற்றுச்சீட்டு இருக்கிறது. பிள்ளையைப் பிடிக்கத்தான் ஆளில்லை

கேகே மகளிர், சிறார் மருத்துவமனையின் பெயரில் இருக்கும் இரண்டு ‘கே’யும் ‘கண்டாங் கெர்பாவ்’ என்ற மலாய்ச் சொற்களின் சுருக்கம். எருமைக் கொட்டில் என்று பொருள். சிராங்கூன் சாலைப் பக்கம் மாடுகள் கட்டிக் கிடந்த காலத்துப் பெயர் அது. 1915ல் அங்கே கட்டப்பட்ட சந்தைக்கும் அதே பெயர்தான். 1982ல் அந்தச் சந்தை சாலைக்கு எதிர்ப்புறம் இருந்த புதிய கட்டடத்துக்கு மாறியது. இன்று நாம் தேக்கா நிலையம் என்று சொல்வது அதைத்தான். பிள்ளை பெறும் இடமும், பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் சமைக்கச் சாமான் வாங்கும் இடமும் நடந்து போகும் தூரத்தில், ஒரே பெயரில் இருந்தன.

1966ஆம் ஆண்டில் அந்த ஒரு மருத்துவமனையில் மட்டும் ஏறக்குறைய 40,000 குழந்தைகள் பிறந்தன. கின்னஸ் சாதனைப் புத்தகத்திலும் அது இடம்பெற்றது. 2024ல் சிங்கப்பூர் முழுவதிலும் பிறந்த குழந்தைகளைக் கூட்டினாலும் 34,000ஐ எட்டவில்லை. மொத்தக் கருவள விகிதம் 2023, 2024 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் 0.97ஆக இருந்தது.

பிள்ளைகள் குறைந்தது பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. பிள்ளை பிறந்த வீட்டில் கைகள் குறைந்தது பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. 2010ல் ஒரு வீட்டுக்குச் சராசரியாக 3.5 பேர் இருந்தனர். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அது 3.2ஆகக் குறைந்தது. அம்மா, அப்பா, தொட்டிலில் கிடக்கும் பிள்ளை என்று மூன்று பேர் முடிந்தால் மிச்சம் யாருமில்லை. இப்படிப்பட்ட வீட்டில் இரவு ஒன்பது மணிக்கு டயப்பர் தீர்ந்துவிட்டது என்றால் யார் கடைக்குப் போவது, யார் பிள்ளையைப் பார்ப்பது?

கேட்பதற்குச் சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால், பச்சைப்பிள்ளையை வைத்துக்கொண்டு கடைகண்ணிக்குப் போய்வந்த எவரையும் கேட்டுப் பாருங்கள். பிள்ளைப்பேற்றுக்குப் பிந்திய முதல் மூன்று மாதங்களில் கணவன் மனைவிக்குள் வந்த சண்டைகளில் பாதி, கடைக்குப் போவதைப் பற்றியதாகவே இருந்திருக்கும்.

பணம் வருகிறது

அரசாங்கம் உதவவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2023 பிப்ரவரி 14 முதல் பிறந்த சிங்கப்பூர்க் குழந்தைகளுக்குக் குழந்தை போனஸ் ரொக்கமாக முதல், இரண்டாவது பிள்ளைக்குத் தலா 11,000 வெள்ளி. மூன்றாவது பிள்ளை முதல் 13,000 வெள்ளி. பிள்ளைக்கு ஆறரை வயதாகும் வரை அது தவணை தவணையாக வந்துசேரும். முதல், இரண்டாவது பிள்ளைக்குக் குழந்தை மேம்பாட்டுக் கணக்கில் அரசு போடும் முதல்படி மானியம் 5,000 வெள்ளி. ஆனால், அந்தக் கணக்கை மருத்துவமனை, குழந்தைப் பராமரிப்பு நிலையம் போன்ற அங்கீகரிக்கப்பட்ட இடங்களில்தான் பயன்படுத்த முடியும். காய்கறிக் கடையில் செல்லாது.

மளிகைக்கு நேரடியாகக் கைகொடுப்பவை சிடிசி பற்றுச்சீட்டுகள். 2025 மே மாதம் ஒவ்வொரு சிங்கப்பூரர் குடும்பத்துக்கும் 500 வெள்ளி, 2026 ஜனவரியில் 300 வெள்ளி. பாதியைப் பேரங்காடிகளிலும் மறுபாதியை உணவங்காடிகளிலும் அக்கம்பக்கக் கடைகளிலும் செலவிடலாம். இதனுடன் 2025 ஜூலையில் 21 முதல் 59 வயது வரையிலான சிங்கப்பூரர்களுக்குத் தலா 600 வெள்ளியும் 60 வயதும் அதற்கு மேற்பட்டவர்களுக்கு 800 வெள்ளியும் எஸ்ஜி60 பற்றுச்சீட்டாகக் கிடைத்தன.

செலவும் லேசுப்பட்டதல்ல. பொருள், சேவை வரி 2023ல் 8 விழுக்காடாகவும் 2024ல் 9 விழுக்காடாகவும் உயர்ந்தது. பால்மாவு, டயப்பர், அரிசி என்று எதற்கும் அதில் விலக்கு இல்லை. பிறந்த குழந்தைக்கு ஒரு நாளைக்கு எட்டு, பத்து டயப்பர் மாற்ற வேண்டியிருக்கும். மாதத்துக்கு 250, 300 என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

பால்மாவு விலை ஒரு தனிக் கதை. 2017 மே மாதம் சிங்கப்பூர்ப் போட்டித்தன்மை ஆணையம் வெளியிட்ட ஆய்வின்படி, 900 கிராம் டின் ஒன்றின் சராசரி விலை பத்தாண்டுகளில் 120 விழுக்காடு ஏறி, 2016ல் 56 வெள்ளியைத் தாண்டியிருந்தது. பால்மாவு மட்டுமே குடிக்கும் குழந்தைக்கு வாரத்துக்கு ஒரு டின் போல ஆகும். அந்த 2016ஆம் ஆண்டு விலையிலேயே கணக்கிட்டாலும் மாதம் 220 வெள்ளிக்கு மேல். இவ்வாண்டு ஜனவரியில் வந்த பற்றுச்சீட்டில் பேரங்காடிக்கான பங்கு 150 வெள்ளி. ஒரு மாதப் பால்மாவுக்கே அது போதாது.

அந்த ஆய்வு சொன்ன இன்னொரு செய்தியையும் மறந்துவிடக் கூடாது. விலை ஏறியதற்குப் பெரிய காரணம் நிறுவனங்கள் விளம்பரத்துக்குக் கொட்டிய பணம். விலை அதிகமானால் சத்தும் அதிகம் என்ற நம்பிக்கையைப் பெற்றோரிடம் வளர்த்துவிட்டார்கள். இங்கு விற்க அனுமதிக்கப்படும் சிசுப் பால்மாவு எதுவானாலும், விலை குறைவானதாக இருந்தாலும், அரசு விதித்த சத்துத் தரத்துக்கு உட்பட்டதுதான். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அது முடியாதபோது பால்மாவு வாங்குவதில் வெட்கமும் இல்லை, மிக விலையுயர்ந்ததை வாங்கினால்தான் நல்ல தாய் என்ற சட்டமும் இல்லை.

ஆக, பணம் போதுமா போதாதா என்பது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். ஆனால், பணம் இருக்கும் வீட்டிலும் தீராமல் நிற்பது ஆள் கணக்கு.

இரண்டு பட்டியல்

தமிழர் வீட்டில் பிள்ளை பிறந்தால் மளிகைப் பட்டியல் இரண்டாகிறது. ஒன்று எல்லார் வீட்டிலும் உள்ளது: டயப்பர், ஈரத்தாள், அரிசி, எண்ணெய், முட்டை. இது புளோக்குக்குக் கீழேயுள்ள பேரங்காடியில் கிடைக்கும். கைப்பேசியில் தட்டினாலும் வீட்டுக்கு வரும்.

இரண்டாவது பட்டியல் பத்தியச் சாமான். நாட்டுப் பூண்டு, சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், பெருங்காயம், நல்லெண்ணெய், பனைவெல்லம், முருங்கைக்கீரை, கருவாடு, புட்டுக்குச் சின்னச் சுறா. இதில் பாதி எந்தப் பேரங்காடி அலமாரியிலும் இராது. இருந்தாலும் மாமியாரோ அம்மாவோ அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கீரையைக் கிள்ளிப் பார்க்க வேண்டும், மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்க வேண்டும். அதற்குத் தேக்காவுக்குத்தான் போக வேண்டும்.

இந்த இரண்டாவது பட்டியலைப் பற்றி இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. பால் சுரக்கச் சுறாப்புட்டு என்பது நம்முடைய பழக்கம். ஆனால், சுறாவின் உடலில் பாதரசம் சேர்வதால் பாலூட்டும் தாய்மார் தவிர்க்க வேண்டிய மீன்களின் வரிசையில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அதை வைத்திருக்கிறது. அதற்குப் பதிலாக வேறு சின்ன மீனைப் போடலாமா என்று மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. அதேபோல, ஒரு வயது நிறையாத பிள்ளையின் நாக்கில் தேன் தடவக் கூடாது.

சிங்கப்பூரில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் ஜி6பிடி குறைபாடு உண்டா என்று பார்க்கிறார்கள். அந்தக் குறைபாடு உள்ள பிள்ளையின் வீட்டுக்குள் அந்துருண்டையே வரக் கூடாது. பெட்டியில் அந்துருண்டை போட்டு வைத்திருந்த பழைய துணிகளையும் அப்படியே எடுத்துப் போர்த்தக் கூடாது. கடைக்குப் போகிறவர் யாராக இருந்தாலும், பட்டியலில் எது இருக்கக் கூடாது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தேக்காவுக்குப் போகும் வழி

பொங்கோலிலோ செங்காங்கிலோ புது வீடு வாங்கிய இளந்தம்பதி வடகிழக்கு ரயிலில் ஏறினால் மாறாமல் லிட்டில் இந்தியாவில் இறங்கலாம். 2017 ஏப்ரல் முதல் பேருந்திலும் குழந்தை வண்டியை மடிக்காமல் ஏற்ற அனுமதி உண்டு. அதற்கு முன்பு ஒரு கையில் பிள்ளை, மறுகையில் மடித்த வண்டி, தோளில் பை என்று ஏறிய தாய்மாருக்கு இதன் அருமை தெரியும். வீவக புளோக்குகளில் ஒவ்வொரு மாடியிலும் மின்தூக்கி நிற்க வைத்த மேம்பாட்டுத் திட்டமும் வண்டி தள்ளும் தாய்க்குப் பெரிய உதவி.

வாடகைக் காரில் போகலாம் என்றால் அங்கே ஒரு சட்டம் குறுக்கே நிற்கிறது. 1.35 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள பிள்ளைகள் காரில் பொருத்தமான இருக்கையில்தான் பயணம் செய்ய வேண்டும். டாக்சிகளுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. செயலி வழி வரும் தனியார் வாடகைக் கார்களுக்கு விலக்கு இல்லை. குழந்தை இருக்கை இல்லாமல் காரை அழைத்துவிட்டு, ஓட்டுநர் ஏற்ற மறுத்தால் அவரைக் குறைசொல்ல முடியாது. சட்டம் டாக்சியை விட்டுவைத்திருக்கிறது என்பதற்காக மடியில் வைத்துப் போவது பாதுகாப்பாகிவிடாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

தேக்காவை அடைந்த பிறகு வருவது அஞ்சடி. 1822ல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்தில், கடைகளுக்கு முன்னால் மக்கள் வெயில், மழை படாமல் நடக்க விடப்பட்ட பாதை அது. அந்தப் பாதை நடப்பவருக்கா, சரக்கு அடுக்கும் கடைக்காரருக்கா என்ற வழக்கு இன்று நேற்று வந்ததல்ல. 1888ல் நகராட்சி அஞ்சடிகளைக் காலிசெய்யப் போனபோது இங்கே கலவரமே நடந்தது. கடைக்குக் கடை தரைமட்டம் மாறுவதால் இடையிடையே படிகள் வரும். படியில்லாத இடத்தில் வெங்காய மூட்டையும் தண்ணீர்ப் பெட்டிகளும் நிற்கும். குழந்தை வண்டியைத் தள்ளி வருபவர் கடைசியில் சாலையில் இறங்கித்தான் நடக்க வேண்டும். கடைக்காரரின் பிழைப்பும் நமக்கு முக்கியம். அதற்காக ஒரு வண்டி போகும் அளவுக்கேனும் இடம் விட முடியாதா? வண்டி தள்ளி வரும் தாய் நுழைய முடியாத கடையில் அவர் சாமான் வாங்கவும் போவதில்லை. வழி விடுவது கடைக்கும் லாபம்தான்.

பிறந்து சில வாரமே ஆன பிள்ளையைச் சந்தைக் கூட்டத்துக்குத் தூக்கிப் போகாமல் இருப்பதே நல்லது. தூக்கித்தான் போக வேண்டும் என்றால் வார நாள் காலை. ஞாயிறு மாலை லிட்டில் இந்தியாவில் கால் வைக்க இடமிருக்காது. திங்கட்கிழமைகளில் ஈரச்சந்தையில் மீன்கடைகள் பல மூடியிருக்கும். ஈரத்தரையில் வண்டியைவிட மார்போடு சேர்த்துக் கட்டும் துணித் தூளி வசதி. ஆனால், தூளி கட்டிக்கொண்டு பத்து கிலோ சாமானைத் தூக்க முடியாது. அறுவை சிகிச்சையில் பிள்ளை பெற்றவர் கனம் தூக்கவே கூடாது என்று மருத்துவர்கள் சொல்லி அனுப்புகிறார்கள்.

மாமா கடை செய்த வேலை

முன்பு எப்படிச் சமாளித்தார்கள்? வீட்டில் பாட்டி இருந்தார், அத்தை இருந்தார். அடுத்த வீட்டு மலாய்க்கார மக்சிக் ஐந்து நிமிடம் பிள்ளையை வாங்கிக்கொள்வார். புளோக்கின் கீழ்த்தளத்தில் மாமா கடை இருந்தது. பெரும்பாலும் தமிழ் முஸ்லிம்கள் நடத்திய அந்தச் சின்னக் கடைகளில் மாடியிலிருந்து குரல் கொடுத்தால் ரொட்டியும் பாலும் வாசலுக்கு வந்துவிடும். காசு மாதக் கடைசியில். பற்று எழுதும் நோட்டுப் புத்தகம்தான் அன்றைய பற்றுச்சீட்டு. அந்தக் கடைகள் பல புளோக்குகளில் இன்று இல்லை.

அவற்றின் இடத்தில் பேரங்காடிகள் வளர்ந்தன. 1973ல் எண்ணெய் விலையும் உணவு விலையும் தாறுமாறாக ஏறிய வேளையில், தொழிற்சங்கக் காங்கிரஸ் தோ பாயோவில் தன் முதல் கூட்டுறவுப் பேரங்காடியைத் திறந்தது. அதன் வழிவந்ததுதான் இன்றைய ஃபேர்பிரைஸ். விலையைக் கட்டுக்குள் வைப்பதில் அது பெரிய பணி செய்தது. ஆனால், பேரங்காடிக்கு நாம்தான் போக வேண்டும். அது மாடிக்கு ஏறி வராது.

இணைய வணிகம் வந்த பிறகு மாமா கடைப் பையன் மீண்டும் வாசலுக்கு வந்துவிட்டான் என்று சொல்லலாம். ஒரு வித்தியாசம் உண்டு. மாமா கடையில் ஒரே ஒரு ரொட்டி கேட்கலாம். இணையக் கடைகளில் குறிப்பிட்ட தொகைக்கு மேல் வாங்கினால்தான் விநியோகம் இலவசம். அந்தத் தொகையை எட்டுவதற்காகத் தேவையில்லாத இரண்டு பொருளைச் சேர்ப்போம். தூக்கம் கெட்ட இரவில், பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே ஒற்றைக் கையில் வாங்கிக் குவிப்பவர்களும் உண்டு. மாதக் கடைசியில் பார்த்தால் பற்றுச்சீட்டில் மிச்சம் பிடித்தது அங்கே போயிருக்கும்.

எனவே, பட்டியலை மூன்றாகப் பிரிப்பதுதான் பல வீடுகளில் கைகண்ட வழி. கனமானதும் கெடாததும் இணையத்தில், மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை. கீரையும் மீனும் மருந்துச் சாமானும் தேக்காவில், வாரத்துக்கு ஒரு முறை, ஒரே ஆள் போய் வாங்கி வருவது. வாட்ஸ்அப்பில் சொல்லி வைத்தால் எடுத்துக் கட்டி வைக்கும் கடைக்காரர்களும் இருக்கிறார்கள். போய் நின்று தேட வேண்டியதில்லை. திடீரென்று தீர்ந்துபோவதற்கு வீட்டுக்குப் பக்கத்துக் கடை. அங்கே போவதற்கு அண்டை வீட்டாரின் உதவியைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். சிடிசி பற்றுச்சீட்டின் இணைப்பை வீட்டிலுள்ள மற்றவருக்கும் அனுப்பலாம் என்பது பலருக்குத் தெரிந்ததுதான். கூடவே இருக்கும் தாத்தாவின் கைப்பேசியில் அது இருந்தால் அவர் காலை நடைக்குப் போகும்போதே முட்டையும் ரொட்டியும் வந்துவிடும்.

பிள்ளையைப் பிடிக்கும் கை

ஆனாலும் வாரம் ஒருமுறை தேக்காவுக்குப் போக ஒருவர் வேண்டும். அவர் போகும்போது பிள்ளையோடும் பச்சை உடம்புக்காரியோடும் இருக்க இன்னொருவர் வேண்டும். இந்த இடத்தில்தான் அண்மைய மாற்றங்களில் மிக முக்கியமானது வருகிறது. அது பணம் அல்ல, நாள்.

2025 ஏப்ரல் 1 முதல் சிங்கப்பூர்க் குழந்தையின் தந்தைக்கு நான்கு வாரச் சம்பள விடுப்பு கட்டாயம். அதற்கு முன்பு இரண்டு வாரம்தான் உரிமை; மீதி இரண்டு வாரம் முதலாளியின் விருப்பம். அதே நாளில் தாயும் தந்தையும் பகிர்ந்துகொள்ளும் பெற்றோர் விடுப்பு ஆறு வாரமாகத் தொடங்கியது. 2026 ஏப்ரல் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்கு அது பத்து வாரம். தாயின் 16 வார மகப்பேற்று விடுப்பையும் சேர்த்தால் மொத்தம் 30 வாரம். பகிரும் விடுப்பு முதலில் ஆளுக்குப் பாதியாகவே ஒதுக்கப்படும். மாற்றிப் பிரிக்க நினைத்தால் பிள்ளை பிறந்த நான்கு வாரத்துக்குள் செய்துவிட வேண்டும். பிள்ளைக்கு ஒரு வயதாகும் முன் அதை எடுத்து முடிக்க வேண்டும்.

இந்த நாள்களை எப்படிச் செலவிடுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. விடுப்பு கட்டாயமாவதற்கு முந்திய ஆண்டுகளில் தகுதியுள்ள தந்தையரில் பாதிக்குச் சற்று அதிகமானோரே அதை எடுத்தனர். எடுத்தவர்களிலும் பலர், பிள்ளை பிறந்ததும் வரிசையாக எல்லா நாளையும் எடுத்துவிட்டு, வீட்டுக்கு வரும் விருந்தினரை வரவேற்பதிலேயே முடித்துவிடுவதைப் பார்க்கிறோம். அந்த முதல் வாரங்களில் பெரும்பாலும் அம்மாவோ மாமியாரோ உடனிருப்பார். சிலர் மலேசியாவிலிருந்து பேறுகாலத் தாதியை அமர்த்துகிறார்கள். குழந்தை பிறந்ததிலிருந்து 16 வாரம் வரை அதற்கு வேலை அனுமதி கிடைக்கும். உண்மையில் வீடு வெறிச்சோடுவது அதற்குப் பிறகு. பாட்டி கிளம்புகிறார், தாதி கிளம்புகிறார், தந்தை அலுவலகத்துக்குத் திரும்பியிருக்கிறார். தாய் தனியே நிற்கிறாள். அரிசிப் பானை காலி.

முதலாளி ஒப்புக்கொண்டால் தந்தையர் விடுப்பைப் பிரித்துப் பிரித்து, பிள்ளைக்கு ஒரு வயதாவதற்குள் எடுக்கலாம். உடன் யாரும் இல்லாத வாரங்களுக்கு அதை மிச்சம் வைப்பதும், பகிரும் விடுப்பை வாரத்துக்கு ஓரிரு நாளாக நீட்டித்துக்கொள்வது பற்றி மேலாளரிடம் முன்கூட்டியே பேசுவதும் பல குடும்பங்களுக்குப் பொருந்தும். விடுப்புக்கு நான்கு வாரம் முன்பே தெரிவிக்க வேண்டும் என்பதால், இதைப் பிள்ளை பிறப்பதற்கு முன்பே உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும். தொட்டில் எந்த நிறத்தில் வாங்குவது என்று பேசும் அதே மேசையில், தேக்காவுக்கு எந்த நாள் யார் போவது என்பதையும் பேசிவிடலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கடைக்குப் போவது என்பது பையைத் தூக்கிக்கொண்டு போய் வருவது மட்டுமல்ல. வீட்டில் எது தீர்ந்தது, எது தீரப் போகிறது, எந்தக் கடையில் எது நன்றாக இருக்கும் என்ற கணக்கு யார் தலையில் ஓடுகிறதோ அவர்தான் உண்மையில் கடைக்குப் போகிறவர். மீன்கடை முன் நின்றுகொண்டு, “இதுவா, அதுவா?” என்று காணொளி அழைப்பில் காட்டிக் கேட்கும் கணவர்களை தேக்காவில் எந்தக் காலையிலும் பார்க்கலாம். சிரிப்பு வரும், ஆனால், அந்த அழைப்பை எடுக்கும் பெண் அப்போதுதான் பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டுக் கண்ணை மூடியிருப்பாள். நான்கு வாரத்தில் ஒரு ஆண் சுக்குக்கும் இஞ்சிக்கும் வித்தியாசம் கற்றுக்கொள்ளலாம். தந்தையர் விடுப்பின் மெய்யான பலன் அதுதான். அது விடுப்பு முடிந்த பிறகும் வீட்டில் நிற்கும்.

வட்டத்துக்கு வெளியே நிற்பவர்கள்

மேலே சொன்ன பணமும் நாளும் ஏறக்குறைய எல்லாமே, பிள்ளை சிங்கப்பூர்க் குடிமகனாகவோ வீட்டில் சிங்கப்பூரராகவோ இருந்தால்தான். தேக்காவில் நம்மோடு வரிசையில் நிற்கும் பலர் அந்த வட்டத்துக்குள் இல்லை.

எஸ் பாஸ் அல்லது எம்ப்ளாய்மென்ட் பாஸ் வைத்திருக்கும் தமிழகத்துப் பொறியாளர் மாதம் 6,000 வெள்ளி நிலையான சம்பளம் பெற்றால் மனைவி, பிள்ளையை உடன் வைத்துக்கொள்ளலாம். ஆனால், பெற்றோரை நீண்டகாலம் வரவழைத்து வைத்துக்கொள்ள 12,000 வெள்ளி சம்பளம் வேண்டும். அதற்குக் குறைந்தவர்களின் வீட்டுக்கு வரும் பாட்டி, குறுகிய கால வருகை அனுமதியில் வந்து பிள்ளை முகம் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியவர். பிள்ளை குடிமகனாக இல்லாததால் தந்தைக்கு அரசின் சம்பள விடுப்பு கிடையாது. தாய் வேலை பார்ப்பவர் என்றால் 12 வார விடுப்பு. முதல் இரண்டு பிள்ளைகளுக்கு, அதில் எட்டு வாரத்துக்கு மட்டுமே முதலாளி சம்பளம் தரக் கடமைப்பட்டவர்.

சிங்கப்பூர் தன் குடிமக்களுக்கு முன்னுரிமை தருவதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட குடியுரிமை வேண்டியதில்லை. வாடகைக்கு வந்திருக்கும் அந்த இளம்பெண்ணுக்கு ஊரில் அம்மா, அத்தை, சித்தி எல்லாரும் உண்டு, இங்கே யாருமில்லை. நாம் தேக்காவுக்குப் போகும் நாளில், “ஏதாவது வாங்கி வரட்டுமா?” என்று ஒரு செய்தி அனுப்பினால் போதும். முருங்கைக்கீரை ஒரு கட்டுக்குப் பதில் இரண்டு கட்டு. நமக்கு அது கூடுதல் வேலையே அல்ல. அவளுக்கு அது ஒரு பகல் தூக்கம்.

செய்யக்கூடியவை

நம் அமைப்புகளும் இதில் கொஞ்சம் முனையலாம். கோயில்களும் பள்ளிவாசல்களும் வசிப்போர் குழுக்களும் பண்டிகைக் காலத்தில் மளிகைப் பொட்டலம் கட்டிக் கொடுப்பதில் தேர்ந்தவை. அதே தொண்டூழியர்கள், தங்கள் பேட்டையில் புதிதாகப் பிள்ளை பிறந்த வீட்டுக்கு முதல் மூன்று மாதம், வாரம் ஒருமுறை சந்தைச் சாமான் வாங்கித் தரும் ஏற்பாட்டைச் செய்யலாம். சாமானுக்குப் பணத்தை வீட்டாரே கொடுப்பார்கள். வேண்டியது போய்வரும் கால்கள் மட்டுமே. லிட்டில் இந்தியாக் கடைக்காரர்கள் அஞ்சடியில் வண்டி போக வழிவிடலாம்; பத்தியச் சாமானை ஒரே கட்டாக, ஒரே விலையில் வைக்கலாம். அது வியாபாரமும்கூட.

வீடு வாங்கும்போதே இதை யோசிப்பவர்களும் இருக்கிறார்கள். மறுவிற்பனை வீட்டைப் பெற்றோரின் வீட்டுக்கு நான்கு கிலோமீட்டருக்குள் வாங்கும் குடும்பங்களுக்கு 20,000 வெள்ளி மானியம். பெற்றோருடன் சேர்ந்தே வசித்தால் 30,000 வெள்ளி. தூரம் குறைந்தால் பாட்டி வருவார் என்பதுதான் அந்த மானியத்தின் பின்னுள்ள கணக்கு. ஆனால், எல்லாப் பாட்டிகளும் ஓய்விலிருப்பதில்லை. பலர் இன்னமும் வேலைக்குப் போகிறார்கள். அவர்களையே நம்பி இந்தப் பாரத்தை இறக்கி வைக்கவும் முடியாது.

பிள்ளை பெறுங்கள் என்று ஊக்குவிப்பது எளிது. பெற்ற பிறகு அந்த வீட்டில் அரிசி தீர்ந்ததா, கீரை இருக்கிறதா, தாய் சாப்பிட்டாளா என்று கேட்க ஆள் இருக்கிறதா என்பதைப் பார்த்துத்தான் அடுத்த பிள்ளையைப் பற்றி அந்தத் தம்பதி யோசிப்பார்கள். போனஸ் தொகை அவர்கள் நினைவில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். மழை நாளில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, சாமான் பையோடு மின்தூக்கிக்கு ஓடியபோது கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவர் யார் என்பது நினைவில் இருக்கும்.